மேரியம்மா வீடு

உயிரோடு இருக்கிற மனிசியின் படத்தைச் சாமித்தட்டில் வைத்துப் பொட்டும் வைத்து விளக்குக் கொளுத்துகிற வீடு ஒஸ்லோவின் புருசெத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எங்கள் புளொக்கில், எனக்குக் கீழ் மாடியில். முருகனுக்கும் பிள்ளையாருக்கும் நடுவே வெள்ளைச் சேலை கட்டி, கண்ணாடி போட்ட ஒரு மெலிந்த ரீச்சர். முதன்முதலாக வருகிறவர்கள் சப்பாத்தைக் கழற்றியதும் கழற்றாததுமாய் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "எப்ப மோசம் போனவா?" என்று கேட்பார்கள். வீட்டுக்கார இரவீந்திரன், "மோசம் போகேல்லை. போன கிழமையும் ரெலிபோனிலை கதைச்சவா," என்பான். கேட்டவர் விழிக்கிற விழியைப் பார்க்கிறதற்காகவே நான் சிலவேளை புது ஆட்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

இரவீந்திரனும் நானும் பஸ் கழுவுகிறவர்கள். பகல் முழுக்க ஒஸ்லோவைச் சுற்றிச் சேறும் உப்பும் அள்ளிக்கொண்டு வருகிற பஸ்களைப் பின்னேரத்தில் கழுவி விடவேண்டும். நவம்பரில் அந்த வேலைக்கு ஒரு முடிவும் கிடையாது. கழுவக் கழுவ ஊத்தை, துடைக்கத் துடைக்கப் பனி. அவன் மனைவி உதயகுமாரிக்கு ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. நோர்வேக் கிழவர்களுக்கு உருளைக்கிழங்கு அவித்து அவித்து, வீட்டுக்கு வந்தால் அதைக் கண்ணாலும் பார்க்கமாட்டாள். அவன் யாழ்ப்பாணம், அவள் மட்டக்களப்பு. கலியாணம் பேசிய காலத்தில் எங்கள் ஆட்கள் சிலர், "மட்டக்களப்புப் பெட்டையள் மந்திரிச்சுப் பாயோடை ஒட்ட வைச்சிடுவாளவை" என்று அவனுக்குப் பயம் காட்டினார்கள். அவன் இன்றைக்கும் ஒட்டித்தான் இருக்கிறான். அவள் சமையலைச் சாப்பிட்டவர்களுக்கு அதில் மந்திரம் ஒன்றும் இல்லை என்று தெரியும்.

அந்த வீட்டில் நவம்பர் இருபத்துமூன்று ஒரு பெருநாள். எழுபத்தெட்டாம் ஆண்டு அந்தத் திகதியில்தான் மட்டக்களப்பைச் சூறாவளி அடித்துப்போட்டது. உதயகுமாரிக்கு அப்போது எட்டு வயது. கல்லாற்றில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடுகு வேய்ந்த வீடு. அது விழுந்ததில் தாய் போய்விட்டாள். தகப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடி, மேரியம்மா வீட்டில் ஏறித் தப்பினார். இவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த கதை. பிறகு தகப்பன் அவளை வாழைச்சேனையில் மாமி வீட்டில் விட்டுவிட்டு மீன்பிடிக்கப் போய்விட்டார். வாய் திறக்காத மனிசன். "அண்டைக்கு ஆருட வீட்டிலப்பா நிண்ட நாம?" என்று பிள்ளை கேட்டால், "மேரியம்மா வீட்டில" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. எண்பத்தைந்தில் அவரும் செத்துப்போனார்.

நோர்வேக்கு வந்தபிறகு ஊராள் ஒருவரிடம் விலாசம் விசாரித்து உதயகுமாரி காயிதம் போட்டாள். உங்கள் வீட்டுக் கதவைத் திறந்து என்னைக் காப்பாற்றினீர்கள், இனி நீங்கள்தான் எனக்கு அம்மா என்று எழுதினாள். "அன்பு மகள் உதயகுமாரிக்கு" என்று பதில் வந்தது. அதிலிருந்து கடிதமும் ரெலிபோனும் வருசத்துக்கு ஒரு சேலையுமாய் உறவு வளர்ந்து, கடைசியில் படம் சாமித்தட்டில் ஏறிவிட்டது.

தாயின் திவசம் வேறு நாள். அது திதி பார்த்து, ஐயரைக் கூப்பிட்டு, மரக்கறியோடும் அழுகையோடும் நடக்கும். "அழுறதுக்கு ஒரு நாள், கும்பிடுறதுக்கு ஒரு நாள். ரெண்டையும் கலந்தா ரெண்டும் ஒழுங்கா நடக்காது," என்பாள். இருபத்துமூன்றாம் திகதி நன்றிக்கு என்று ஒதுக்கியது, அன்றைக்குக் கருவாடும் உண்டு. சூறாவளிக்கு மறுநாள் காலையில் தப்பின ஆட்கள் தின்றது அவித்த மரவள்ளிக்கிழங்கும் விழுந்த தென்னையில் பிடுங்கின தேங்காயும். அதே சாப்பாடுதான் வருசா வருசம். கருவாட்டுக் குழம்பு மட்டும் அவளாகச் சேர்த்தது. ஊர்க் கருவாடு கிடைக்காத வருசங்களில் நோர்வேக் கருவாட்டைச் சுத்தியலால் அடித்துப் பிய்த்துக் குழம்பு வைத்திருக்கிறாள். நாங்கள் அதையும் விடவில்லை.

இரண்டாயிரத்தெட்டில், முப்பதாவது வருசம், மேரியம்மாவே வந்துவிட்டார். ஒஸ்லோவிலேயே ஸ்டோவ்னர் பக்கம் இருக்கிற அவரின் தம்பி விசா எடுத்துக் கூப்பிட்டிருந்தார். இருபத்துமூன்றாம் திகதி ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் எங்கள் புளொக்குக்குச் சாப்பாட்டுக்கு வருகிறதாக ஏற்பாடு.

காலையிலேயே நான் கீழே போய்விட்டேன். வெளியே மழையென்றும் சொல்லமுடியாத, பனியென்றும் சொல்லமுடியாத ஒரு சளசளப்பு. உள்ளே குசினிக் கண்ணாடியெல்லாம் ஆவி. ஒஸ்லோவின் குரோன்லாந்துப் பகுதிக் கடையில் வாங்கிய, உறைந்துபோன மரவள்ளிக்கிழங்கு பெரிய பானையில் வெந்துகொண்டிருந்தது. இரவீந்திரன் நிலத்தில் குந்தியிருந்து தேங்காய் துருவினான்.

"இஞ்சை பாரும், அந்தப் படத்தை இண்டைக்கு மட்டும் எடுத்து வையுமன். மனிசி கண்டாப் பயந்திடும்."

"காணட்டும். காணத்தானே வெச்சிருக்கன்."

"அவா வேதக்காரியப்பா. பிள்ளையாருக்குப் பக்கத்திலை தன்னைக் கண்டா என்ன நினைப்பா?"

"நல்ல இடத்தில வெச்சிருக்காள் எண்டு நினைப்பா. நீங்க தேங்காயைப் பாருங்க, கையையும் சேத்துத் துருவாம."

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வாய் சும்மா இருக்காமல், அவள் தகப்பனை நினைத்து, "கொப்பற்றை படம் ஒண்டும் இல்லையோ தங்கச்சி?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கிழங்கில் கத்தியைக் குத்தி வெந்துவிட்டதா என்று பார்த்தாள்.

"இருக்கு, பெட்டிக்குள்ள. அண்ணன், அம்மா செத்ததுக்கு அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் காணல்ல. செத்தவீட்டிலயும் காணல்ல, பொறகும் காணல்ல. கல்லு மாதிரி இருந்தார். அம்மாவை விட்டுட்டு வந்த மனிசன். மேரியம்மா கதவைத் திறக்காட்டி நானும் இல்ல. அவரோட எனக்குக் கோவமுமில்ல, ஒண்டுமில்ல."

ஒண்டுமில்ல என்று அவள் சொன்ன விதத்தில் எனக்கு வெங்காயம் உரிக்கிற கை நின்றுவிட்டது. கோபம் இருந்தால் ஒருநாள் ஆறும். இது ஆறுவதற்கு ஒன்றும் இல்லாத இடம்.

மத்தியானம் மேரியம்மாவைத் தம்பியார் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். வெள்ளைச் சேலைக்கு மேல் யாரோ தடித்த ஆளின் குளிர்ச்சட்டை. அதற்குள் படத்தில் இருந்த அதே மெலிந்த முகம், தலைமயிர் மட்டும் கொஞ்சம் நரைத்திருந்தது. உதயகுமாரி கதவடியிலேயே காலில் விழுந்தாள்.

"வேணாம் புள்ள, எழும்பு, எழும்பு," என்று மேரியம்மா பின்னால் போய் லிப்ட் கதவில் முட்டிக்கொண்டார்.

உள்ளே வந்து சட்டையைக் கழற்றினார். அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். பார்வை சாமித்தட்டில் போய் நின்றது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. படத்தில் புதிதாய் ஒரு மல்லிகைச் சரம், பிளாஸ்ரிக்தான்.

"இது நானா?"

"நீங்கதான் மேரியம்மா. தினமும் கும்பிடுற நான்."

மேரியம்மா படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அப்படியே கதிரையில் இருந்தார். பயந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. இரவீந்திரன் என்னைப் பார்த்துக் கண்ணால், நான் சொன்னேனே என்றான்.

சாப்பாடு வந்தது. ஆவி பறக்கிற கிழங்கு, வெள்ளைவெளேரென்று தேங்காய்ப்பூ, செத்தல் மிளகாய்ச் சம்பல், சீலாக் கருவாட்டுக் குழம்பு. நான் வெட்கமில்லாமல் முதலில் கை வைத்தேன். அவர்களின் மகள் துஷ்யா ரெலிபோனை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் சாப்பிட்டாள். மேரியம்மா கிழங்கைப் பிட்டார், உதிர்த்தார், வாயில் வைக்கவில்லை.

உதயகுமாரி தான் சாப்பிடாமல் அவருக்கு எதிரே இருந்தாள்.

"அந்த இரவைச் சொல்லுங்க மேரியம்மா. போனில கேட்டா ஒவ்வொருக்காவும் கதையை மாத்திப்போடுவீங்க. எனக்கு ஒண்டு மட்டும் ஞாபகம். வீட்டுக்குள்ள மரம் மரமா நிண்டது. காடு மாதிரி. சொன்னா இவர் சிரிக்கார்."

"மரமில்ல மகள், முட்டு," என்றார் மேரியம்மா.

"என்ன முட்டு?"

"வீடு அப்ப கட்டி முடியல்ல. மேல கொங்கிறீற் தட்டுப் போட்டு ஒரு கிழமையும் ஆகல்ல. அது இறுகுமட்டும் கீழ வீடு நிறையக் கம்பு முட்டுக் குடுத்திருந்த. கதவும் போடல்ல, யன்னலும் போடல்ல."

"அப்ப நீங்க எங்க நிண்ட?"

"நான் கொழும்பில, ரீச்சர் றெயினிங்கில. றோட்டெல்லாம் மரம் விழுந்து, ஊருக்கு வந்து சேரக் கனநாள் செண்டது. அந்த இரவு நான் அங்க இல்ல மகள்."

இரவீந்திரன்தான் வாய் திறந்தான். "அப்ப ஏன் ரீச்சர் மேரியம்மா வீடு எண்டு சொன்னவை?"

"எங்கட பக்கம் அப்படித்தானே தம்பி. வீடு பொம்புளப் புள்ளைட சீதனம். அத்திவாரம் வெட்டக்குள்ளயே புள்ளட பேரு வந்திரும். ஊரெல்லாம் மேரியம்மா வீடு, மேரியம்மா வீடு எண்டுதான். நான் அதில ஒரு நாள் படுத்தும் எழும்பல்ல."

எங்கள் பக்கமும் வீடு பெண்ணுக்குத்தான் கொடுக்கிறோம், பேரை மட்டும் புருசன்காரனுக்கு வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இந்தப் பிழை வந்திருக்காது. வேறு பிழை வந்திருக்கும்.

"அப்ப கதவைத் திறந்தது?" உதயகுமாரியின் குரல் சின்னதாய்ப் போயிருந்தது.

"கதவில்ல, பலகை. வாசலுக்குப் பலகை அடிச்சுப்போட்டு உள்ளுக்கு நிண்டவர் மேசன். ஆதம்பாவா காக்கா, மருதமுனை முஸ்லிம் ஆள், ஊருக்கே அண்ணன் மாதிரி. கொங்கிறீற்றுக்குத் தண்ணி விடுறதுக்காக அங்கயே படுக்கிறவர். ஒரு ஆளையும் ஏத்தக்கூடாது, முட்டு அசைஞ்சா வீடு போயிரும் எண்டு என்ர அப்பா சொல்லியிருந்தவர். அந்த மனிசன் ஆணியைக் கழட்டி ஆக்களை உள்ளுக்கு எடுத்து, திரும்ப அடிச்சு, திரும்பக் கழட்டி... ஊரில பாதி அதுக்குள்ளதான் தப்பினது."

"முதல் காயிதத்திலயே சொல்லியிருக்கலாமே."

"எழுதித்தான் வெச்ச நான். போடல்ல." மேரியம்மா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "நீ அம்மா எண்டு எழுதியிருந்தாய். எனக்கு அப்ப நாப்பது வயசு. கலியாணமுமில்ல, புள்ளையுமில்ல. அந்தச் சொல்லை எனக்கு ஒருத்தரும் சொன்னதில்ல. கொஞ்ச நாளைக்கு வெச்சிருப்பம், மறுகா சொல்லுவம் எண்டு நினைச்ச நான். மறுகா, மறுகா எண்டு இவ்வளவு காலம் போச்சு. வேற ஒண்டும் இருக்கு. சூறாவளி முடிய, பலகையெல்லாம் எரிச்சுப்போட்டான் எண்டு அப்பா அந்த மனிசனை ஏசித் துரத்திட்டார். ஊர்ச் சனத்துக்குக் கிழங்கு அவிக்கத்தான் எரிச்சது. என்ர அப்பாவை ஆருக்கும் காட்டிக்குடுக்க எனக்கு மனம் வரல்ல. இப்ப உன்ர சாமிக்குப் பக்கத்தில என்னைக் கண்டன். அதில பொய்யா இருக்க ஏலாது மகள்."

உதயகுமாரி எழுந்து குசினிக்குப் போனாள். குழாய் பலமாகத் திறக்கிற சத்தம் கேட்டது. துஷ்யா ரெலிபோனைக் கீழே வைத்துவிட்டுத் தாயின் பின்னால் போகப் பார்த்தாள். இரவீந்திரன் கையைப் பிடித்து இருத்தினான். மேரியம்மா குளிர்ச்சட்டை கொழுவியிருந்த பக்கத்தைப் பார்த்தார். என்னைக் கேட்டால் அந்த இடத்தில் எழுந்து போகிறதுதான் சுகம். அவர் போகவில்லை. அதற்காக அந்த மனிசியில் எனக்கு மரியாதை வந்தது.

உதயகுமாரி முகம் கழுவி, துடைக்காமல் வந்தாள்.

"சாப்பிடுங்க மேரியம்மா. எனக்குக் கோவம் இருக்கு. அது இருக்கட்டும், கிழங்கு ஆறுது."

மேரியம்மா ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். மெல்ல முடியாமல் அழுதார்.

"அந்த மனிசன் உசிரோட இருக்காரா?"

"இருக்கார். சுனாமிக்குப் பொறகு என்ர வீட்டைத் திருத்தித் தந்தது அவர்ட மகன்தான். நம்பர் என்ர போனில இருக்கு."

"எடுங்க. இத்தனை வருசமா அந்தாளுக்கு ஒரு சொல் போகல்ல."

"இப்பவா? என்னை ஏசினாரெண்டா?"

"ஏசட்டும். ஆளுக்குப் பாதி வாங்குவம்."

வெளிநாட்டுக்குக் கதைக்கிற கோலிங் கார்ட் ஒன்று மேசை லாச்சிக்குள் கிடந்தது. பாவித்த கார்ட், காசு கொஞ்சம்தான் மிச்சம். துஷ்யாதான் அடித்தாள். தாய் பறித்துப் பேசப்போக, "அம்மா, வெந்த் லித், கொஞ்சம் பொறுங்கோ, முதல்லை கோட் அடிக்கோணும்," என்று தள்ளிப் பிடித்தாள். ஒருமுறை அறுந்தது, ஒருமுறை யாரோ சிங்களத்தில் பேசினார்கள். மூன்றாம் முறை மகன் எடுத்தான். மேரியம்மா ரீச்சர் வெளிநாட்டிலிருந்து கதைக்கிறார் என்றதும் அவன் "வாப்பா, வாப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டு போனான். துஷ்யா ஸ்பீக்கரைப் போட்டுவிட, கோழி கத்துகிற சத்தம் அந்த வரவேற்பறை முழுக்கக் கேட்டது.

"ஆரு பேசுற?" கிழட்டுக் குரல். ஆனால் கணீரென்று இருந்தது.

உதயகுமாரி ஒரே மூச்சில் சொன்னாள். நான் கல்லாற்றுப் பிள்ளை, சூறாவளி இரவு உங்கள் பலகையைத் திறந்து என்னை உள்ளே எடுத்தீர்கள், இவ்வளவு காலமும் தெரியாமல் வேறு ஆளைக் கும்பிட்டுவிட்டேன், இன்றைக்குத்தான் தெரியும், உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்ல.

அந்தப் பக்கம் கிழவர் கோழியை விரட்டுகிற சத்தம் கேட்டது.

"கனக்கப் பேரு வந்தாங்க புள்ள. நீங்க எந்தப் புள்ள?"

"அப்பா தூக்கிக்கொண்டு வந்தவர். மீன்பிடிகாரர். அம்மா அண்டைக்குத்தான்..."

"ஒசந்த ஆளா? நெத்தியில வெட்டுக்காயம், ரெத்தம் ஓடினபடி?"

"ஒசந்த ஆள்தான். காயம் தெரியாது. தழும்பு இருந்தது."

"யா அல்லாஹ்!" என்றார் அவர். பிறகு யாரிடமோ, "அந்த மனிசன்ட மகளாம்டா, அந்த மனிசன்ட மகளாம்," என்று சொல்வது கேட்டது. "புள்ள, நன்றிய எனக்கு என்னத்துக்குச் சொல்ற? கேளுங்க. நான் தனியத்தான் நிண்ட. காத்து பலகைய உள்ளுக்குத் தள்ளுது. முதுகக் குடுத்துத் தாங்கிப் பாத்த, ஏலாமப் போச்சு. காத்து உள்ளுக்குப் பூந்தா முட்டெல்லாம் அடிச்சு எறிஞ்சு பச்சைக் கொங்கிறீற் தலையில வரும். ஒரு ஆளையாவது அனுப்பு றப்பே எண்டு அல்லாஹ்ட்டக் கேட்டன். அந்த நேரந்தான் வெளியால சத்தம். மொதலாவதா வந்தது ஒங்கட வாப்பா. 'புள்ளைக்குக் குளிருது, உள்ளுக்கு விடுங்க' எண்டாரு. ஒங்களச் சீமெந்துப் பைக்குள்ள சுத்திக் கெடத்திப்போட்டு வந்து என்னத் தள்ளிட்டு, அவரு முதுகக் குடுத்தாரு. மத்தவங்க மாறி மாறி நிண்டாங்க. அவரு மாறல்ல, விடியுமட்டும் மாறல்ல. அவரு இல்லெண்டா நானும் இல்ல, அதுக்குள்ள வந்த ஒரு ஆளும் இல்ல."

உதயகுமாரி மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்டைக்கு மத்தியானம் அந்த மனிசனத் தேடின. காணல்ல. மறுகா எத்தனையோ பேருட்டக் கேட்ட. பேரும் தெரியாது. ஒரு ஸலாம் சொல்லல்லயே எண்டு இண்டைக்கும் மனசில கெடக்கு. இரிக்காரா புள்ள?"

"இல்ல காக்கா. எம்பத்தஞ்சில மோசம் போயிட்டார்."

"அப்ப அவருக்கு வெச்சிருந்தத நீங்க வாங்கிக்கங்க."

மேரியம்மா எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்தார். அவள் தட்டிவிடவில்லை. கடைசியில் கேட்டாள், கேட்கப் பயந்து பயந்துதான் கேட்டாள்.

"காக்கா, அப்பா அழுதவரா? அம்மா செத்து அப்பதானே..."

"நானும் கேட்ட. பொஞ்சாதி வீட்டுக்குள்ள அம்பிட்டு மவுத்து எண்டு அவருதான் சொன்னாரு. அழுங்க தம்பி, மனசு ஆறும் எண்டு சொன்ன நான். அழுதா முதுகு தளந்திரும் காக்கா, புள்ள உள்ளுக்குக் கெடக்கு எண்டாரு. விடிஞ்சு காத்து நிண்டு, கடைசிப் பலகையக் கழட்டினம். அப்பதான் வாசல்ல உக்காந்தாரு. உக்காந்து அழுதாரு பாருங்க புள்ள, அப்படி ஒரு ஆம்புள அழுது நான் அதுக்குப் பொறகு காணல்ல. நீங்க நல்ல நித்திர. எழுப்பப் போன என்னை, வேணாம், புள்ள இதப் பாக்க வேணாம் எண்டு கையப் புடிச்சிட்டாரு. பொறகு அவரு..."

ரெலிபோனுக்குள் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு இணைப்பு அறுந்தது. கார்ட் முடிந்துவிட்டது.

வெளியே பல்கனிக் கண்ணாடியில் பனி ஈரமாய் வந்து ஒட்டி வழிந்துகொண்டிருந்தது. உதயகுமாரி ரெலிபோனைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"அழுதவராம்," என்றாள் எங்களைப் பார்த்து, நாங்கள் கேட்காத மாதிரி. "அப்பா அழுதவராம் மேரியம்மா. எனக்குத் தெரியக்கூடாதெண்டு..."

"ஓம் மகள்," என்றார் மேரியம்மா.

இரவீந்திரன் எழுந்து கையைக் கழுவினான். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, யாருடைய தொப்பி என்று பாராமல் ஒன்றை எடுத்துத் தலையில் கவிழ்த்தான்.

"எங்கையடா இந்தச் சளசளப்புக்குள்ளை?" என்று கேட்டேன்.

"ஸ்டேசனடிக் கியொஸ்க் திறந்திருக்கும். ஒரு கார்ட் வாங்கிக்கொண்டு ஓடி வாறன்."

"ரெண்டா வாங்குங்க," என்றாள் உதயகுமாரி, கன்னத்தைத் துடைத்துக்கொண்டு. "அப்பாட கதை இன்னும் இருக்கு."